பானைக்குள் என்ன என்று கவலியேரேக்குச் சொல்லாதீர்கள்

பிள்ளைகளே, சாவிக்கொத்து மேசை லாச்சியில் இருக்கிறது. இரண்டு டோர்ச்சில் ஒன்று தட்டினால்தான் எரியும். எஃப் வரிசையில் பதினான்காம் கதிரைக்கு மெல்லிய ஆட்களாகப் பார்த்து அனுப்புங்கள், அதன் கம்பிச்சுருள் போய்விட்டது. மழைக்காலத்தில் பெண்கள் கழிப்பறைக் கதவு வீங்கும், இடது தோளால் தள்ள வேண்டும். இதெல்லாம் சிஞ்ஞோரா உங்களுக்குத் தந்த பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை எழுதத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிலோமினா, மன்னார்க்காரி. பலெர்மோவில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் இருக்கும் இந்தத் தியேட்டரில் பத்தொன்பது வருடம் வேலை செய்துவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றேன். முதலில் கூட்டித் துடைத்தேன், பிறகு ரிக்கற் கிழித்தேன், கடைசியில் டோர்ச் என் கைக்கு வந்தது. தியேட்டரை நடத்துகிற சிஞ்ஞோரா, "ஃபிலோமேனா, புதுசா வாறவைக்கு உன்ரை அனுபவத்தை எழுதிக் குடு" என்றார். இத்தாலியனில் எழுதச் சொன்னார். என் இத்தாலியன் வாயால் கதைக்க நல்லது, எழுதினால் விசாக் கொடுக்கிற குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள். புதிதாக வந்த மூன்று பேரும் எங்கள் பிள்ளைகள்தானே என்று தமிழில் எழுதுகிறேன். இங்கே பிறந்த இரண்டு பேருக்கும் வாசிக்கக் கஷ்டமென்றால் மூன்றாவது ஆள் சர்மிளா வாசித்துக் காட்டட்டும். இதில் இத்தாலியர் கதைக்கிற இடங்களையும் எங்கள் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

எங்கள் தொழில் என்ன என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். ஆட்களை இருட்டில் இருத்துவது ஒன்று. இருந்தவர்களை எழும்பாமல் பார்த்துக்கொள்வது மற்றது. முதலாவதை டோர்ச் செய்யும். இரண்டாவதற்கு உங்கள் மூளைதான் வேண்டும்.

முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன், அது என்னுடைய பிழை.

2012 ஆக இருக்க வேண்டும். நல்ல அமெரிக்கப் படங்களையெல்லாம் கடற்கரைப் பக்கப் பெரிய தியேட்டர்கள் கொண்டுபோய்விட, மிஞ்சியதை வைத்து நாங்கள் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒருநாள் சிஞ்ஞோரா வந்து, இனி வியாழக்கிழமைகளில் கொரியப் படம் என்றார். எனக்குத் தெரிந்த கொரியா, எங்கள் ஊர்ப் பெடியன்கள் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நாடு. அங்கே படம் எடுக்கிறார்கள் என்றே நான் நினைத்துப் பார்த்ததில்லை. முதல் வியாழன் வந்தவர்கள் பதினொரு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

படம் சிரிப்புப் படம். ஒரு கலியாண வீடு. கிழட்டுச் சமையற்காரன் குடித்துவிட்டுச் சீனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டுகிறான், மாப்பிள்ளையின் காற்சட்டை கிழிகிறது, மாமனார் பன்றியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். நானும் வாசலில் நின்று சிரித்துவிட்டு, யாரோ ஊற்றிய கோலாவைத் துடைக்க வெளியே போனேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் திரையில் மழை, இருட்டு, இரத்தம். மாமனார் சேற்றில் கிடக்கிறார். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

வேறு படத்தின் ரீலைப் போட்டுவிட்டார்கள் என்று மேலே ஓடினேன். மேலே ஜெகன். கிளிநொச்சியிலிருந்து வந்து, படம் ஓட்டுகிற அறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமை. அவனுக்கு வேலை பழக்குகிறவர் கோப்பி குடிக்கப் போயிருந்தார்.

"தம்பி, படம் மாறிப்போச்சு!"

"ஐயோ அக்கா, பெட்டியிலை எழுத்தெல்லாம் வட்டமும் கோடுமாக் கிடக்கு. எது எதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப நிப்பாட்டு!"

நிற்பாட்டினான். விளக்குப் போட்டோம். நான் முன்னால் போய் நின்று, தவறுதலாக வேறு படம் ஓடிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் வரிசைக் கிழவர் ஒருவர் எழும்பி, "மகளே, உது அதே சமையற்காரன்தான், அதே கத்திதான். முதல் வெங்காயம் வெட்டினவன், இப்ப ஆளை வெட்டுறான். நீ விளக்கை நிப்பாட்டு" என்றார்.

சிஞ்ஞோரா எங்களை ஏசவில்லை. அடுத்தநாள் காலை எங்கள் இரண்டு பேரையும் வெறும் மண்டபத்தில் இருத்தி அந்தப் படத்தை முழுக்கப் பார்க்க வைத்தார். முடிவில் நான் அழுதேன், ஜெகன் தூசு விழுந்துவிட்டது என்றான். எங்கள் படங்களில் சிரிக்க வைக்க ஒரு நடிகர், அழ வைக்க ஒரு நடிகை என்று தனித்தனியே ஆள் பிடிப்பார்கள். கொரியாக்காரர் இரண்டு வேலையையும் ஒரே சமையற்காரனிடம் வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து சிஞ்ஞோராவின் சட்டம், எந்தப் படமானாலும் காட்சிக்கு முன் காலையில் நாங்கள் இருவரும் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது. அந்தச் சட்டம் பிறகு எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன். இப்போதைக்கு நீங்கள் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ பிழைத்துவிட்டது என்று தோன்றினால், விளக்கைப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பொறுங்கள். பிழைத்தது படமாக இல்லாமல் உங்கள் கணிப்பாக இருக்கலாம்.

அடுத்தது கபோ என்கிற சந்தையின் பெண்கள்.

அந்தச் சந்தையில் மீனும் மரக்கறியும் விற்கிற பெண்கள் மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டு வியாழன் பின்னேரக் காட்சிக்கு வரத் தொடங்கினார்கள். கொரியப் படத்தில் அவர்களுக்கு என்ன ஆசை என்கிறீர்களா? ஆசை எங்கள் ஏசியில். வெளியே சிரொக்கோ காற்று அடித்து ஊரே வேகும்போது இரண்டு மணித்தியாலம் குளிரில் இருக்கலாம். ஆறு பேரில் பினா ஒருத்திதான் கண்ணாடி கொண்டுவருவாள். ஆகவே திரையில் கீழே ஓடுகிற எழுத்தை அவள் மற்ற ஐந்து பேருக்கும் உரத்து வாசிப்பாள், சிசிலியனில், தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து. "தாய் சொல்லுறாள், மகன் வீட்டிலை இல்லையாம். பொய்! கட்டிலுக்குக் கீழை கிடக்கிறான்!"

பல்கலைக்கழகத்தில் சினிமா படிப்பிக்கிற பேராசிரியர் ஒருவரும் வருவார், கொப்பியும் பேனையுமாக. அவருக்கு மண்டபம் கோவில். மூன்றாவது வியாழன் இடையில் எழும்பி வந்து, ஒன்றில் அவர்கள் அல்லது நான் என்றார். ஆறு பேரை அனுப்பினால் அரைவாசி மண்டபம் போய்விடும். பேராசிரியரை அனுப்பினால் பத்திரிகையில் எங்களைப் பற்றி எழுத ஆளில்லை. நான் யோசித்து, அடுத்த கிழமை அவரை டோர்ச் அடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பினாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். "புரொபெசோரே, இண்டைக்கு இந்த ஒரு கதிரைதான் கிடக்கு" என்றேன். முந்நூறு கதிரை உள்ள மண்டபத்தில் அன்று பதினான்கு பேர். அவர் சுற்றிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், இருந்துவிட்டார்.

ஒரு மாதம் போக, அவர் பினாவின் காதுக்குள், "அந்தத் தாய் ஏன் பொய் சொன்னவள் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டேன். பிறகு கொரியப் படங்களைப் பற்றி அவர் பெரிய உரை ஒன்று நிகழ்த்தியபோது நான் பின்னால் நின்று கேட்டேன். பினாவின் பெயர் வரவில்லை, பினாவின் கருத்தெல்லாம் வந்தது. சண்டைக்காரரைத் தூரத் தூர இருத்தினால்தான் சமாதானம் என்று எல்லோரும் சொல்வார்கள். சில நேரம் பக்கத்தில் இருத்திப் பாருங்கள்.

இப்படித்தான் பதினொன்று பதினான்காகி, நாற்பதாகி, நூறைத் தாண்டியது. கைத்தொலைபேசியில் கொரியப் பாட்டுக் கேட்டு மயிருக்கு நீலச்சாயம் பூசிய பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். மின்ஜி வந்தாள். அவள் இங்கே பாட்டுப் படிக்க வந்த கொரியப் பெண், தன் மொழியைக் காதால் கேட்பதற்காகவே முதல் வரிசையில் வந்து இருப்பாள். அவளிடம்தான் நான் விபரம் கேட்டேன், உங்கள் ஆட்கள் எப்படி இப்படிப் படம் எடுக்கப் பழகினார்கள் என்று. ஒரு காலத்தில் அங்கே பட்டாளத்தார் ஆட்சியாம், படத்தில் எதைக் காட்டலாம் என்று அவர்கள்தான் சொல்வார்களாம். அது விலகிய பிறகு, மாணவர் சங்கங்களில் கள்ளமாகப் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இயக்குநர்களாக வந்தார்களாம். தியேட்டர்கள் வருடத்தில் இத்தனை நாள் சொந்த நாட்டுப் படம்தான் காட்ட வேண்டும் என்று சட்டமும் இருந்ததாம். அந்த நாட்களைக் குறைக்கப் பார்த்தபோது படக்காரர்கள் தெருவில் இறங்கி மொட்டை அடித்தார்களாம்.

ஜெகன் வாயைப் பிளந்தான். "அக்கா, கட்-அவுட்டுக்குப் பால் ஊத்தின ஆக்களைத்தான் நான் கேள்விப்பட்டனான். படத்தைக் காப்பாத்த மொட்டை அடிச்சவையோ?"

"நேர்த்தி வைச்சிருப்பினம்" என்றேன். அவர்கள் நேர்த்தி பலித்துக்கொண்டிருந்த நேரம் எங்களுக்குக் கண்டம் வந்தது.

கண்டத்தின் பெயர் கவலியேரே. இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர். எந்தக் காலத்திலோ அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பட்டம் அது, சொந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது. நல்ல மனிதர், ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் படத்துக்கு வந்தாலும் இடைவேளையில் எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். இத்தாலியில் நல்ல படத்தைக்கூட நடுவில் வெட்டி இடைவேளை விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அந்த விடயத்தில் அவர்களும் எங்கள் ஆட்கள் மாதிரித்தான். ஏன் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஃபிலோ, முதற்பாதியிலை எல்லாரும் உயிரோடை இருப்பினம். அப்பவே எழும்பிப் போறதுதான் புத்தி" என்றார்.

ஒரு சுப்பர்மார்க்கெற் இந்த மண்டபத்தைக் கேட்டிருந்தது. அவர் சிஞ்ஞோராவிடம் வந்து, ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது, சினிமா செத்துவிட்டது என்றார். சிஞ்ஞோராவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "செத்ததெண்டு ஆர் சொன்னது? நீங்கள் ஒரு படத்தையாவது முழுக்கப் பாத்தனீங்களோ?" என்றார். கவலியேரே சிரித்தார். "என்னை முடிவுமட்டும் இருத்தி வைக்கிற படம் ஒண்டு காட்டு. அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி அவை தக்காளி விக்கட்டும்."

சிஞ்ஞோரா அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டார். எங்களுக்கு அது பந்தயம் இல்லை. ஜெகனின் மனைவி கிளிநொச்சியில் நான்கு வருடமாகக் காத்திருந்தாள். அவளை இங்கே எடுப்பிக்கிற விண்ணப்பம் அப்போதுதான் அலுவலகத்தில் நகரத் தொடங்கியிருந்தது. தியேட்டர் பூட்டினால் அவனுக்கு வேலை ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவளுடைய கோப்பு மறுபடி அடியிலிருந்து. சர்மிளா, இதை நீ வாசிக்கும்போது அவன் பக்கத்தில் இருந்தால், அந்த மாதம் அவன் எத்தனை கிலோ இளைத்தான் என்று கேள்.

வருடத்தில் ஒருமுறை ஏழு நாளும் கொரியப் படமே காட்டும் கொரிய வாரமும் அப்போது தொடங்கியிருந்தது. அந்த வருட வாரத்தின் கடைசிப் படத்துக்கு அதன் இயக்குநரே வருவதாக இருந்தது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, இடைவேளை விடக்கூடாது. சிஞ்ஞோரா கடிதத்தை முத்தமிட்டார். இடைவேளை இல்லாவிட்டால் கவலியேரே எப்போது எழும்புவார்? கபோப் பெண்கள்தான் கொதித்தார்கள். "இரண்டரை மணித்தியாலம்! அந்த மனுசனுக்குத் தாய் இல்லையோ, அவளுக்குச் சிறுநீர்ப்பை இல்லையோ?" என்று பினா கேட்டாள்.

சட்டப்படி காலையில் நானும் ஜெகனும் படத்தைப் பார்த்தோம். துறைமுக ஊர். கடலில் புருசனைத் தொலைத்த ஒருத்தி சூப்புக் கடை நடத்துகிறாள். ஏழு வருடம் கழித்து ஒருவன் வந்து, நான்தான் உன் புருசன் என்கிறான். ஊரே நம்புகிறது. நாய் மட்டும் அவனைக் கண்டால் குரைக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் புதைத்த பெரிய மண்பானை ஒன்று, ஏழு வருடமாக மூடிக் கிடக்கிறது. யாரையும் கிட்டப் போக அவள் விடமாட்டாள். படம் நடுவுக்கு வரும்போது, அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அவன் சுத்தியலோடு பானையடிக்குப் போகிறான். அதற்குப் பிறகு என்ன என்பதை நானும் ஜெகனும் காலையில் பார்த்துவிட்டோம்.

மாலை ஆறு மணிக் காட்சி. ஆனி மாதம், சிரொக்கோ, வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. முந்நூறு கதிரையில் ஒன்றைத் தவிர எல்லாம் நிறைந்து, பின்னால் சிலர் நின்றார்கள். இயக்குநர் நடு வரிசையில், பக்கத்தில் மின்ஜி. கவலியேரே நடைபாதை ஓரக் கதிரையைக் கேட்டு வாங்கினார், தொப்பி மடியில். ஒரு மணித்தியாலம் கழிந்தது. நாய் குரைக்கும்போதெல்லாம் கிழவர் சிரித்தார். நான் மாதாவே என்று மூச்சு விட்டேன். அவன் சுத்தியலை எடுத்தான், பானையடிக்குப் போனான், மூடியில் கை வைத்தான்.

கரண்ட் போய்விட்டது.

வாசல்களின் மேலே பச்சை விளக்குகள் மட்டும் எரிந்தன. நான் மேலே ஓடினேன். "தெரு முழுக்கப் போட்டுது அக்கா. எல்லாரும் ஏசி போட்டு இழுத்திருக்கினம்" என்றான் ஜெகன். "வந்தாலும், மெசின் சூடு ஆறி எழும்ப இருபது நிமிசமாவது வேணும்."

கீழே வந்தால் கவலியேரே எழும்பி நிற்கிறார். தொப்பி தலையில். "ஆ, இடைவேளை!" என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கிறார். மைக் வேலை செய்யாது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி மடு மாதா கோவிலில் அகதியாக இருந்தபோது எங்களுக்குப் படமும் இல்லை, கரண்டும் இல்லை. கொழும்பில் நான் பார்த்த ஒரே ஒரு படத்தைத் தண்ணீர் வரிசையில் நின்றவர்களுக்குச் சொன்னேன், சண்டைச் சத்தம், பாட்டு எல்லாம் வாயாலேயே. மூன்று கிழமை ஓடியது. படம் முடிந்த பிறகும் சனம் விடவில்லை, ஆகவே மிச்சத்தை நானே கட்டினேன். எது படம், எது பிலோமினா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் டோர்ச்சைத் தட்டி எரியவைத்து, என் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். போகும்போதுதான் ஒரு யோசனை இடறியது. பானைக்குள் இருப்பதைச் சொன்னால் முந்நூறு பேருக்கும் படத்தைக் கெடுத்தவள் ஆவேன், அதுவும் எடுத்த மனிதனுக்கு முன்னால். சொல்லாமல் விட்டால் கிழவர் போய்விடுவார். வாய் திறக்கும்வரை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அவன் மூடியைத் தூக்கிறான்!" என்று கத்தினேன். மண்டபம் அடங்கியது. டோர்ச்சின் பின்பக்கத்தால் கதிரைக் கையில் மூன்று தரம் தட்டினேன். "ஆரோ கதவிலை தட்டுகினம். ஆர்? மாமி! அக்கரையிலை இருந்து வந்திருக்கிறா. ரெண்டு பெட்டி, ஒரு ஆடு!"

கவலியேரே வாசலில் திரும்பிப் பார்த்தார்.

மாமி என்றதும் கபோப் பக்கம் எழும்பிவிட்டது. "அவளை உள்ளை விடாதை!" என்று பினா கத்தினாள். விட்டேன். கால் உளைகிறது என்று மாமியைக் கொண்டுவந்து பானை மூடியின் மேல் இருத்தினேன். மருமகன் எழும்பச் சொல்கிறான், மாமி எழும்பமாட்டாள். ஆடு அவன் சுத்தியலின் பிடியைத் தின்கிறது. நான் மாமியாகவும் ஆடாகவும் மாறி மாறி நின்றேன். கவலியேரே இரண்டு வரிசை உள்ளே வந்தார்.

பத்து நிமிடம் ஓடியது. மாமி அலுத்துப் போக ஒரு வழக்கறிஞரைக் கொண்டுவந்தேன், அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு. நிலம் என்றதும் கவலியேரேக்குப் பொறுக்கவில்லை. "சட்டப்படி அது பெண்சாதிக்குத்தான்!" என்று இருட்டுக்குள் இருந்து குரல் கொடுத்தார். "வழக்கறிஞரும் அதைத்தான் சொல்லுறார், கவலியேரே" என்றேன். அவர் திருப்தியோடு பக்கத்தில் இருந்த வெறும் கதிரையில் இருந்தார். டோர்ச்சை அந்தப் பக்கம் அடித்துப் பார்த்தால், எஃப் பதினான்கு. கம்பிச்சுருள் முனகியது, ஆனால் தாங்கியது.

"சரி, பானைக்குள்ளை என்ன?" என்று அவர் கேட்டார். மண்டபமும் கேட்டது. நடுவில் மின்ஜி இயக்குநரின் காதுக்குள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் தலையைக் குனிந்திருந்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. மாமி மெல்ல எழும்பினாள், மூக்கைச் சுருக்கினாள், "இதுக்குள்ளை இருந்து ஒரு மணம் வருது" என்றாள். நான் மூடியில் கை வைத்தேன். அதற்கு மேல் என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

கரண்ட் வந்தது. வாழ்க்கையில் எத்தனையோ தரம் மாதா எனக்கு உதவி செய்திருக்கிறா, இவ்வளவு நேரந்தவறாமல் ஒருபோதும் இல்லை. இதற்குள் மெசினும் ஆறியிருந்தது, ஜெகன் ஆயத்தமாக நின்றிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் திரையில் அதே கை அதே மூடியில் இருந்தது.

மூடி திறந்தது. பானை வெறும் பானை. பின்னால் அந்தப் பெண் வந்து நிற்கிறாள். நான் இதற்குள் ஒன்றும் வைக்கவில்லை, அது என் புருசனுக்குத் தெரியும், தெரியாதவன்தான் திறப்பான் என்று சொல்கிறாள். மண்டபத்தில் முந்நூறு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது. காலையில் பார்த்த எனக்கே மயிர் கூச்செறிந்தது. நல்லகாலம் நான் வாயைத் திறக்கவில்லை. கவலியேரே கடைசி எழுத்து ஓடி முடியும்வரை இருந்தார்.

படம் முடிந்து, வாசல் மண்டபத்தில் எங்கள் பெண்கள் பொரித்த ரோல்சும் பற்றீசும் பரப்பியிருந்தோம். கவலியேரே நேரே என்னிடம் வந்தார், முகம் சிவந்து.

"வெறும் பானையோ? இதுக்கோ நான் ரெண்டரை மணித்தியாலம் இருந்தனான்? மாமி எங்கை? ஆடு எங்கை?"

இயக்குநர் ஏதோ பாராட்டு என்று நினைத்துக் குனிந்து வணங்கினார்.

சிஞ்ஞோரா கைப்பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தார். "முடிவுமட்டும் இருந்தனீங்கள், கவலியேரே."

"நான் படத்துக்கு இருக்கேல்லை. ஃபிலோவின்ரை கதைக்கு இருந்தனான்." ஜெகன் மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கிழவர் என் பக்கம் திரும்பினார். "உன்ரை பானைக்குள்ளை என்ன? அதைச் சொல்லு முதல்."

அப்போது நான் யோசிக்கவில்லை, பிள்ளைகளே. மேல்படியில் நின்ற அவனைப் பார்த்தேன், வாய் தானாகச் சொன்னது.

"கையெழுத்தை வையுங்கோ, சொல்லுறன்."

அவர் பற்றீஸ் தட்டை ஒதுக்கிவிட்டு, பேனையை வாங்கி, ஒப்பந்தத்தில் ஆறு வருடம் என்று இருந்ததை வெட்டி ஒரு வருடம் என்று எழுதி, கையெழுத்து வைத்தார். "இப்ப சொல்லு."

"அடுத்த வருசம் சொல்லுறன், கவலியேரே. புதுப்பிக்க வரேக்கை."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவருக்கும் வாய் துடித்தது. "இவ்வளவு வருசத்திலை நீ எங்களிலும் மோசமான சிசிலியாக்காரி ஆகிட்டாய்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

இயக்குநர் மின்ஜியை இழுத்துக்கொண்டு வந்தார். "அவரும் கேக்கிறார் அன்ரி, உங்கடை பானையிலை என்ன எண்டு" என்றாள் அவள். நான், "அவர் மூண்டு வருசம் யோசிச்சு வெறும் பானை வைச்சவர். இருபது நிமிசத்திலை நான் என்னத்தை வைக்கிறதெண்டு கேள்" என்றேன். அவள் சொல்லி முடித்ததும் அவர் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். பிறகு இரண்டு ரோல்சைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் சர்மிளா வந்து இறங்கினாள். அதன் பிறகு ஒரு கொரியப் படம் உலகத்தின் பெரிய பரிசுகளையெல்லாம் வாங்க, பலெர்மோவில் எல்லோரும் நான் அப்போதே சொன்னேன் என்றார்கள். மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும்கூடச் சொல்லியிருப்பார்கள். சுப்பர்மார்க்கெற் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் போய் அங்கே தக்காளி விற்கிறது. ஒவ்வொரு தையிலும் கவலியேரே வருவார், ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பார், பானைக்குள் என்ன என்று கேட்பார். நான் அடுத்த வருடம் என்பேன். ஒருமுறை ஜெகனுக்குக் களவாக ஒரு பெட்டி தோடம்பழம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அவன் பழத்தைத் தின்றுவிட்டு, அக்காவுக்குத்தான் தெரியும் என்றான்.

இந்தத் தையில் தடியோடு வந்தார். வருத்தம் வந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. கையெழுத்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "ஃபிலோ, உள்ளை இருக்கிறது நல்லதோ கெட்டதோ, அதையாவது சொல்லு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதையாவது கட்டிச் சொல்லிவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன், தங்கம், கடிதம், புருசனின் சப்பாத்து, எதையாவது. பிறகு சொன்னேன், "அடுத்த தையிலை வாங்கோ, கவலியேரே." அவர் தலையாட்டிவிட்டு, வந்ததைவிடக் கொஞ்சம் கெதியாகப் படியிறங்கினார்.

வருகிற தையில் நான் இருக்கமாட்டேன், நீங்கள் இருப்பீர்கள். அவர் வருவார், கேட்பார். பிலோ அக்கா எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனவ, ஆனால் அடுத்த வருடம்தான் சொல்லலாம் என்று சொல்லுங்கள். பொய்தான். எனக்கும் இன்றுவரை தெரியாது. தியேட்டருக்காகத்தான் அதைத் தொடங்கினேன், இப்போது தியேட்டருக்காக மட்டும் இல்லை. எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே எழும்பிப் போய்விட வேண்டும் என்று சொன்ன மனிதர், எண்பத்தாறு வயதில் இரண்டாம் பாதிக்காகக் காத்திருக்கிறார். அவரை எழும்பாமல் பார்த்துக்கொள்வது இனி உங்கள் வேலை.